எல்லோருக்கும் இருபது

பதினோராம் கட்டிலில் படுத்திருந்த பூமணி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாடி பார்க்கிற பாவனை. கண் மட்டும் அவருடைய நெஞ்சுக்கு மேலே கிடந்த சேலைத் தலைப்பில் இருந்தது. அது ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் இரண்டரை மணி இருக்கும். பார்க்க வந்தவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த சோற்றுப் பார்சல்களின் மணமும், இப்போதுதான் கழுவிவிட்ட நிலத்தின் மருந்து மணமும் கலந்து நின்றன. மின்விசிறி சுற்றியதே தவிர காற்று வரவில்லை. கடற்காற்று எழும்ப இன்னும் ஒரு மணித்தியாலம் செல்லும்.

ஒரு நிமிடம் முடிந்தது. முப்பத்தாறு.

பிழையாக எண்ணிவிட்டேனோ என்று இன்னொரு நிமிடம் எண்ணினேன். அதே முப்பத்தாறு.

கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய பதிவுத் தாளை, 'சாட்' என்று நாங்கள் சொல்வதை, எடுத்துப் பார்த்தேன். இரண்டு மணிக்கு நிரப்பியிருந்தார்கள். காய்ச்சல், நாடி, இரத்த அழுத்தம் எல்லாம் எழுதியிருந்தது. சுவாசம் என்ற கட்டத்தில் நீல மையில், வட்டமான வடிவான எழுத்தில், இருபது என்று இருந்தது. அந்த எழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும். என் சிநேகிதி நஸீராவுடையது.

"என்ன பிள்ளை, நாடி பிழையோ?" பூமணி அக்கா கேட்டார்.

"இல்லையக்கா. மூச்சு இளைக்குதோ உங்களுக்கு?"

"கொஞ்சம் இளைக்குதுதான். காலமையும் இளைச்சது. காய்ச்சல் எண்டால் அப்பிடித்தானே."

என் படிவத்தில் முப்பத்தாறு என்று எழுதினேன். பக்கத்துக் கட்டத்தில் இருபது என்று எழுதினேன். பிறகு பன்னிரண்டாம் கட்டிலுக்குப் போனேன்.

இந்த வாரப் பத்தியில் நான் சொல்ல வந்தது அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றித்தான்.

வாட்டுக்குத் திரும்பிப் போன கதை

பதினாறு வருடம் ஆஸ்பத்திரி வாட்டில் தாதியாக வேலை செய்துவிட்டு, நாற்பது வயது தாண்டிய பிறகு பல்கலைக்கழகத்தின் தாதியர் கல்விப் பிரிவில் விரிவுரையாளராகச் சேர்ந்தவள் நான். சேர்ந்தால் மட்டும் போதாது. முதுமாணிப் பட்டம் எடுக்க வேண்டும், அதற்கு ஓர் ஆய்வு செய்ய வேண்டும். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர்கள் கணினியில் வரைபடம் கீறிக்கொண்டிருக்க, நான் கொப்பியும் பென்சிலுமாக இருந்தேன்.

என் வழிகாட்டியான பேராசிரியர் அதிகம் கதைக்காதவர். "உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயத்தில தொடங்குங்கோ" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. நான் வேலை செய்த வாட்டில் யாருக்கு என்ன வருத்தம் என்றாலும் சுவாசக் கட்டத்தில் எல்லோருக்கும் இருபது என்றுதான் இருக்கும். இதயக்காரருக்கும் இருபது. முட்டு வந்து மூச்சுக்குத் திணறுகிறவருக்கும் இருபது. கால் முறிந்து வந்து கதை சொல்லிக்கொண்டிருப்பவருக்கும் இருபது.

ஏன் இருபது? சுகமான ஆள் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது தடவை மூச்சு விடுவார். பத்து என்று எழுதினால் டொக்டர் ஒருவேளை நின்று பார்ப்பார். முப்பது என்றால் நிச்சயம் நிற்பார். இருபது என்றால் தாளைத் திருப்பிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். இருபது யாரையும் கேள்வி கேட்க வைக்காத எண்.

ஆனால் உடம்பு கெடத் தொடங்கும்போது பலருக்கு முதலில் மாறுவது மூச்சுத்தான். காய்ச்சல் ஏறுமுன், அழுத்தம் இறங்குமுன் அது காட்டிக் கொடுக்கும். அதை அளக்க மெஷின் வேண்டாம். ஒரு மணிக்கூடும் ஒரு நிமிடமும் போதும். அந்த ஒரு நிமிடம்தான் யாரிடமும் இல்லை.

தாதியர் எழுதும் எண்ணையும், அதே நேரத்தில் நான் ஒரு நிமிடம் முழுதாக எண்ணும் எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என்று திட்டம் எழுதினேன். என் பழைய வாட்டிலேயே செய்வது என்றும் எழுதினேன். எந்த ஆஸ்பத்திரி என்று இங்கே சொல்லமாட்டேன். பூமணி என்பது நான் மாற்றி வைத்த பெயர். நஸீராவின் பெயரை மட்டும் அவளுடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். அவள் ஏன் சம்மதித்தாள் என்பது பின்னால் வரும்.

தாதியரிடம், "நோயாளிகளின் பதிவுகளைப் பற்றிய ஆய்வு" என்று மட்டும் சொல்வது, மூச்சை எண்ணுகிறேன் என்பதை முடிவில் சொல்வது என்று அனுமதி வாங்கினேன். முன்னமே சொன்னால் எல்லோரும் எண்ணத் தொடங்கிவிடுவார்கள், பிறகு ஆய்வு எதற்கு என்பது என் நியாயம்.

முதல் நாள் நஸீரா என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கம்பஸ் மிஸ் வந்திட்டா! என்னத்தடி பார்க்கப் போற?"

"சாட்டெல்லாம் எப்பிடி நிரப்புறீங்கள் எண்டு… பொதுவா."

"எங்கட எழுத்து வடிவா இருக்கெண்டு எழுது. மறந்திடாத."

அன்று மத்தியானம் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பொரித்த மீனில் பாதியை எடுத்து என் பெட்டி மூடியில் வைத்தாள். நான் சாப்பிட்டேன்.

கையைப் பிடி, நெஞ்சைப் பார்

நானும் நஸீராவும் ஒரே வருடத்தில் பயிற்சிக் கல்லூரிக்குப் போனவர்கள். அவள் கிண்ணியா. நான் திருகோணமலை டவுன். அப்போது பாலம் இல்லை. லீவுக்கு வரும்போது நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்துவிடுவேன். அவள் பாதைக்குக் காத்திருந்து, கடல் கடந்து, பொழுது சாய்கிற நேரம் வீடு போய்ச் சேருவாள். பாதை என்று நாங்கள் சொல்வது வாகனமும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு போகும் தட்டையான படகை.

விடுதியில் எங்கள் இருவருக்கும் ஒரே அலுமாரி. அவளுடைய தட்டில் எல்லாம் மடித்திருக்கும். என்னுடையதில் எல்லாம் சுருண்டிருக்கும்.

மூச்சு எண்ணும் பாடம் நடந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. படிப்பித்த சிஸ்டர் சொன்னார்: "எண்ணுறீங்கள் எண்டு நோயாளிக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சால் மூச்சு மாறிப்போடும். கையைப் பிடியுங்கோ, நாடி பார்க்கிற மாதிரி நில்லுங்கோ. கண் மட்டும் நெஞ்சில."

எங்களைச் சோடி சோடியாகப் பிரித்து ஒருவரை ஒருவர் எண்ண விட்டார். நஸீராவை நான் எண்ணினேன். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கு வந்தது நாற்பத்தெட்டு. "இவ இண்டைக்கே ஐ.சி.யூ.க்குப் போகோணும்" என்று சிஸ்டர் சொல்ல வகுப்பே சிரித்தது.

வேலைக்கு வந்த முதல் மாதங்களில் நாங்கள் இருவரும் ஒழுங்காக எண்ணினோம். பிறகு ஒரு மழைக்காலம். டெங்கு. கட்டில்கள் நிறைந்து, நிலத்தில் பாய் போட்டு, வராந்தாவிலும் ஆட்கள். நான் ஒரு சின்னப் பெண்ணின் கையைப் பிடித்து எண்ணிக்கொண்டு நின்றபோது ஒரு மூத்த தாதி என்னைக் கடந்து போனார்.

"என்ன செய்யிறீர்?"

"எண்ணுறன் அக்கா."

"இருபது போட்டிட்டு வாரும். அங்க மூண்டு சேலைன் முடிஞ்சுபோய்க் கிடக்கு."

அவர் கெட்டவர் இல்லை. மூன்று சேலைன் உண்மையிலேயே முடிந்துதான் இருந்தது. இருபது போட்டுவிட்டுப் போனேன். முதல் தடவை கை கூசியது. அந்த வாரம் முடியுமுன் கூச்சம் போய்விட்டது.

நான் இருபது எழுதிய யாராவது அதனால் இறந்துபோனார்களா? இந்தக் கேள்வி எனக்குத் தூரத்திலிருந்து வந்தது, பல வருடம் கழித்து. பதில் தெரியாது. யாருக்கும் தெரிய வராது. பழைய தாள்களை எடுத்துப் பார்த்தாலும் அவற்றில் எல்லோரும் சுகமாக மூச்சு விட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். பொய்யான எண் எழுதுவதில் உள்ள கொடுமை இது. பிறகு தேடி வருகிறவருக்கும் அது கதவை மூடிவிடுகிறது.

இரண்டு கட்டில் தூரம்

இனிப் பன்னிரண்டாம் கட்டிலுக்கு வருகிறேன்.

என் ஆய்வுத் திட்டத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. ஆபத்தான நிலையில் யாரையாவது கண்டால் உடனே வைத்தியருக்கு அறிவிக்கப்படும். நானே எழுதியது. 'உடனே' என்ற சொல்லும் என்னுடையது.

அப்படியிருந்தும் பன்னிரண்டாம் கட்டிலில் ஒரு முழு நிமிடம் எண்ணினேன். எழுதினேன். பதின்மூன்றுக்குப் போனேன். அங்கேயும் எண்ணினேன். அவருடைய மூச்சு எவ்வளவு என்று இப்போது நினைவில்லை. சுவரில் பல்லி ஒன்று அசையாமல் இருந்தது நினைவிருக்கிறது.

அந்த ஐந்தாறு நிமிடத்தில் என் மனதில் ஓடியதை ஒளிக்காமல் எழுதுகிறேன். ஆய்வு முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. இப்போது வாய் திறந்தால் நான் எதை எண்ணுகிறேன் என்று வாட் முழுக்கத் தெரிந்துவிடும். மூன்று வார உழைப்பு குழம்பிவிடும். பிறகு, அது நஸீராவின் எழுத்து. சொன்னால் அவள் அகப்படுவாள். இந்த இரண்டில் எது என்னை அதிகமாகப் பிடித்து நிறுத்தியது என்று இன்னும் தெரியவில்லை. நஸீராவுக்காகத்தான் தயங்கினேன் என்று சொல்ல ஆசை. அப்படிச் சொன்னால் நல்லவளாகத் தெரிவேன்.

பதின்மூன்றிலிருந்து திரும்பிப் பார்த்தேன். பூமணி அக்கா எழும்பி உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றி, மூக்குத் துவாரம் விரிய, வாயால் காற்றை இழுத்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"அக்கா, படுக்க ஏலாதோ?"

"ஏலாது… பிள்ளை… படுத்தா… முட்டுது."

ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் ஒரு மூச்சு. நான் எண்ணவில்லை. எண்ணத் தேவையிருக்கவில்லை. வாட்டின் மறுமுனையில் நின்ற டொக்டரைக் கூப்பிட்டேன்.

அவர் தெற்கிலிருந்து வந்த இளம் சிங்கள டொக்டர். தமிழை வாட்டில்தான் பழகியிருந்தார். குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார். ஒட்சிசன் போடச் சொன்னார். எக்ஸ்ரேக்கு எழுதினார். பிறகு சாட்டை எடுத்தார். அவருடைய முகம் மாறியது.

"மிஸ், இது எப்ப போட்டது?"

ஊசித் தட்டோடு வந்த நஸீரா நின்றாள். "ரெண்டு மணிக்கு டொக்டர்."

"எண்ணினதா?"

தட்டு கையில் இருந்தது. அவள் டொக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பிறகு என் கையில் இருந்த படிவத்தைப் பார்த்தாள். இரண்டு வரிசை எண்கள். ஒரு வரிசை முழுக்க இருபது. எல்லாம் விளங்கிவிட்டது அவளுக்கு.

பூமணி அக்காவுக்கு நிமோனியா. அன்று பின்னேரமே அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஆள் தப்பிவிட்டார். கப்பல்துறை என்ற ஊரில் மகளோடு இருக்கிறார். வீட்டுக்குப் போகிற நாளில் என்னையும் நஸீராவையும் ஒன்றாகக் கண்டு இருவர் கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்கள் ரெண்டு பேரும்தான் என்னைக் காப்பாத்தினது" என்று அழுதார். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தலையை ஆட்டினோம்.

தேத்தண்ணி அறையில்

நஸீராவிடம் விளக்கக் கடிதம் கேட்டார்கள். அதாவது, ஏன் இப்படி நடந்தது என்று எழுத்தில் பதில் கொடு, உன் பெயர்க் கோப்பில் போட்டு வைக்கிறோம் என்பது. அவளுடைய பதினெட்டு வருட வேலையில் முதல் கடிதம்.

மறுநாள் தாதியரின் தேத்தண்ணி அறையில் அவளைப் பிடித்தேன். கதிரையில் உட்கார்ந்து கோப்பையைக் கழுவாமலே கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"எத்தின நாளா எண்ணுற?"

"மூண்டு கிழமை."

"என்ட சாட்டையுமா?"

"எல்லாரிட சாட்டையும்."

"நீ இஞ்ச எண்ண வந்தது நோயாளிகள்ட மூச்சையில்ல ரஞ்சி. எங்களத்தான்."

"முதலே சொன்னால் எல்லாரும் எண்ணத் தொடங்கியிடுவீங்கள், பிறகு…"

"எண்ணத் தொடங்கினா நல்லந்தானே? அதுதானே ஒனக்கு வேணும்? இல்லாட்டி ஒனக்கு வேணுமாயிருந்தது புத்தகமா?"

ஆய்வு முறை பற்றி வகுப்பில் படித்ததெல்லாம் தலைக்குள் வந்தது. ஒன்றையும் அவளிடம் சொல்ல முடியவில்லை. அவள் எழுந்து கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"ஒண்டு மட்டும் கேக்கன். பூமணி அக்காக்கு எண்ணி எவ்வளவு நேரத்துக்குப் பிறகு டொக்டரக் கூப்பிட்ட?"

"ரெண்டு கட்டிலுக்குப் பிறகு."

இதை நான் வேறு யாரிடமும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு பல மாதம் நாங்கள் கதைக்கவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி

ஆய்வு முடிந்தது. முடிவை ஆஸ்பத்திரியிலேயே வந்து சொல்லும்படி கேட்டார்கள். கூட்ட மண்டபத்தில் குளிரூட்டி போட்டிருந்தது. முன்வரிசையில் டொக்டர்மார், தாதியருக்குத் தலைவியான மேற்றன், பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள். பின்னால் தாதியர். டியூட்டி முடித்து வந்தவர்கள் சீருடையோடு, கொட்டாவியோடு.

படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். கிட்டத்தட்ட எல்லாச் சாட்டிலும் ஒரே எண், உண்மையான எண் வேறு. காரணம்: பயிற்சி போதாது, விழிப்புணர்வு போதாது. பரிந்துரை: செயலமர்வு நடத்த வேண்டும். எல்லோரும் தலையசைத்தார்கள்.

"கேள்வி ஏதும் இருக்கோ?"

பின்வரிசையில் ஒரு கை. நஸீரா எழுந்தாள். அவளுக்கு மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

"மிஸ், ஒரு கேள்வி கேக்கலாமா?"

இருபது வருடப் பழக்கத்தில் அவள் என்னை 'மிஸ்' என்றதில்லை. பகிடிக்குச் சொன்ன 'கம்பஸ் மிஸ்' வேறு. இது வேறு.

"கேளுங்கோ."

"நீங்க ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம் எண்ணினீங்க. முழு வாட்டையும் எண்ணி முடிக்க எவ்வளவு நேரம் எடுத்திச்சி?"

"ஒரு முழுப் பின்னேரம்."

"அந்தப் பின்னேரம் நீங்க வேற என்ன வேலை செஞ்சீங்க?"

"வேற… ஒண்டும் செய்யேல்ல."

"நான் எண்ணிக்கிட்டு நிண்டா அந்த நேரம் ஊசி ஆரு போடுற? சேலைன் ஆரு மாத்துற? அதையும் நீங்க எழுதினீங்களா?"

எழுதவில்லை. அது என் படிவத்தில் இல்லாத கட்டம்.

மேற்றன் திரும்பிப் பார்த்தார். நஸீரா மைக்கைக் கொடுக்கவில்லை.

"கடைசியா ஒண்டு. நீங்களும் அதே வாட்டில பதினாறு வருஷம் வேலை செஞ்சீங்கதானே. அப்ப நீங்க என்ன எழுதினீங்க?"

என் பேராசிரியர் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி தலைப்புக்குப் புறம்பானது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். முன்வரிசையில் ஒருவர் அப்படிச் சொல்ல வாயெடுத்தும் விட்டார்.

"இருபது" என்றேன். "நானும் இருபதுதான் எழுதினனான்."

பின்வரிசையில் புதிதாக வேலைக்கு வந்த தாதிப் பிள்ளை ஒன்று சிரித்தது. நக்கல் சிரிப்பு இல்லை. மூச்சை விட்டதுபோல ஒரு சிரிப்பு. நஸீரா "நன்றி மிஸ்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பி வரும்போது பேராசிரியரும் நானும் ஒரே வான் வண்டியில் வந்தோம். உப்புவெளி தாண்டிய பிறகு அவர் கேட்டார்: "அந்த மிஸ்ஸிட கேள்விக்கு என்ன செய்யப் போறீங்கள்?"

கிண்ணியாவில் ஒரு குசினி

அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் ஏறிக் கிண்ணியாவுக்குப் போனேன். பாலத்தைப் பஸ் ஒரு பாட்டு முடியுமுன் கடந்துவிட்டது. கொஞ்சம் நீண்டிருந்தால் நல்லது என்று தோன்றியது. என்ன சொல்வதென்று நான் இன்னும் யோசித்து முடிக்கவில்லை.

நஸீராவின் கணவர் கதவைத் திறந்தார். "உள்ளுக்கு வாங்க, குசினியில இருக்கா" என்றார். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு நிறுத்தவில்லை.

"மன்னிப்புக் கேக்க வந்தா, தேவையில்ல."

"வேற ஒண்டுக்கு வந்தனான். உன்ர கேள்விய ஆய்வாச் செய்வம். பின்னேர டியூட்டியில ஒரு தாதி செய்யிற ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் போகுதெண்டு எடுப்பம். எனக்குத் தனியச் செய்ய ஏலாது. எந்த வேலை எந்த வேலைக்குள்ள ஒளிஞ்சிருக்கெண்டு உனக்குத்தான் தெரியும்."

கத்தி நின்றது. "எல்லாரிட்டயும் சொல்லிட்டா செய்யப் போற?"

"ஓம். இந்த முறை எல்லாரிட்டயும் சொல்லி, கையெழுத்து வாங்கி."

"என்ட பேர் வருமா?"

"வேண்டாமெண்டால் போடமாட்டன். உனக்குப் பிரச்சினை வரக்கூடாது."

"வேணாமெண்டு நான் சென்னனா?" கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். வெங்காயம்தான். "விளக்கக் கடிதத்தில என்ட பேர் தனியத்தானே இருந்திச்சி. இதிலயும் இருக்கட்டும். முதல் பேரா இருக்கட்டும்."

அன்று அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மேசையில் கொப்பியை வைத்து, வேலைகளை ஒன்றொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். நான் மறந்துபோனவை எத்தனையோ. மருந்து அலுமாரியின் திறப்பு, அதாவது சாவி, எங்கே என்று தேடுவது. சிங்களம் தெரியாத நோயாளிக்கும் தமிழ் சரியாக வராத டொக்டருக்கும் நடுவில் நின்று கதைப்பது. அழுகிற மகளை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் இருத்துவது. எந்தப் படிவத்திலும் இவற்றுக்குக் கட்டம் இல்லை.

பல கிழமை எடுத்தது. முடிவு சிக்கலானதல்ல. பின்னேரத்தில் செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கும் வேலைகளுக்கு உண்மையில் பிடிக்கும் நேரத்தைக் கூட்டினால், அது பின்னேரத்துக்குள் அடங்கவில்லை. எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். விட்டாலும் யாருக்கும் தெரியாத வேலை மூச்சு எண்ணுவதுதான். தெரியாமல் இருக்க ஓர் எண்ணை எழுதிவிட்டால் போதும்.

அறிக்கையை ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு அனுப்பினோம். மிகவும் பயனுள்ளது என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை

பிறகு ஒரு திங்கட்கிழமை நஸீரா ஒரு காரியம் செய்தாள். எனக்கும் சொல்லவில்லை. அந்தக் காரியத்தால் வந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மேற்றன் கூப்பிட்டார். இரண்டாவது விளக்கக் கடிதம் கேட்டார்கள். அவள் ஒரு வரியில் பதில் எழுதி, எங்கள் அறிக்கையை முழுதாகப் பின்னால் இணைத்துக் கொடுத்தாள். வாட் பொறுப்புச் சிஸ்டர் பக்கத்தில் தானும் கையெழுத்து வைத்தார். அடுத்த கிழமை இன்னும் இரண்டு தாதியர் அவளைப் போலச் செய்தார்கள். அந்த இளம் டொக்டர் முதலில் சத்தம் போட்டார். பிறகு ஒருநாள் தானே கட்டிலோரம் நின்று மணிக்கூட்டைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாராம். சில மாதம் கழித்துப் பின்னேர டியூட்டிக்கு ஒரு தாதியைக் கூடுதலாகத் தந்தார்கள். பிறகு வேறு வாட்டுக்கு எடுத்தார்கள். பிறகு திரும்பத் தந்தார்கள். இதை எழுதும்போது இருக்கிறார். அடுத்த மாதம் இருப்பாரா என்று தெரியாது.

அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் நான் கம்பஸில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். போனுக்கு ஒரு படம் வந்தது. நஸீரா அனுப்பியிருந்தாள். அன்றைய நோயாளிகளின் விபரம் எல்லாம் ஒரே தாளில் வரும் வாட் பட்டியல். பெயர்களைக் கையால் மறைத்து எடுத்திருந்தாள். அவளுடைய பெருவிரலும் மோதிரமும் படத்தில் இருந்தன.

சுவாசக் கட்டங்களில் பாதிக்கு மேல் எண்ணே இல்லை. எண் இல்லாத ஒவ்வொரு கட்டத்திலும் சின்ன எழுத்தில், அதே வட்டமான எழுத்தில், 'எண்ணவில்லை' என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்து வைத்திருந்தாள். தாதியாக இருந்தவர்களுக்குத்தான் தெரியும், அந்தச் சொல்லை எழுதுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று.

மீதிக் கட்டங்களில் எண்கள் இருந்தன. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினேழு. இருபத்தாறு. பதினான்கு. பத்தொன்பது. முப்பத்தொன்று, கீழே சிவப்பில் ஒரு கோடு, 'டொக்டருக்குச் சொன்னேன்'. இருபத்திரண்டு. பதினாறு.

படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்.

"பார்த்தியாடி ரஞ்சி, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி மூச்சு விடுறாங்க."